மஹானாவுக்கு வரும் தண்ணீர்

கண்ணாடிகளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தவன் கிரெய்க்தான். வறுத்த ரொட்டித் தட்டுக்கும் வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் நடுவில் வரிசையாக ஆறு கண்ணாடிகள், தலையைச் சுற்றி மாட்டுகிற பட்டைகளோடு. அவன் மின்சாரக் கம்பெனிக்காரன் என்பதால் அவன் மேல் எனக்கு முன்பே நல்ல எண்ணம் கிடையாது. ஆனாலும் அந்த நிமிஷம்வரை ஒரு டீ கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

"எடு அதை" என்றேன்.

"என்ன மேடம்?"

"மேடமாவது மண்ணாங்கட்டியாவது. என் பேரு ரிபெகா. தலையில மாட்டுற சாமானைத் திங்குற இடத்துல வைப்பியா? எடு முதல்ல!"

எங்களுக்குத் தலை என்றால் சாதாரணம் இல்லை. தொப்பியைக்கூடச் சாப்பாட்டு மேசையில் வைக்க மாட்டோம். தலையணைமேல் உட்காரும் பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். இது தெரியாமல் எங்கள் ஊருக்கு வருகிறவர்களை மன்னித்துவிடுவோம். ஆனால் எங்களிடம் நிலம் கேட்டு வருகிறவன் தெரிந்துகொண்டு வர வேண்டாமா? ஊர் கூடும் வீட்டுச் சமையலறையில் இருந்த பெண்கள் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்கள். பாவம், அந்த வெள்ளைக்காரன் காதுவரை சிவந்து போனான்.

சத்தம் கேட்டு மிஹி ஓடி வந்தாள். என் தம்பி மகள். தம்பி ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போய் பிரிஸ்பேனிலேயே தங்கிவிட்டான். இவள் அங்கேயே பிறந்து, படித்து, பூமிக்கடியில் இருக்கும் சூட்டை ஆராய்கிற வேலையில் சேர்ந்து, இப்போது அந்தக் கம்பெனியின் ஆளாக எங்கள் ஊருக்கே வந்திருந்தாள். எங்களைச் சம்மதிக்க வைக்க எங்கள் ரத்தத்தையே அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"அத்தை, மன்னிச்சுக்கோ. நான்தான் அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும்."

"உங்கப்பன் உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தானா இல்லையா?"

"குடுத்தார். நான் வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள இவர் முந்திக்கிட்டார்."

"இனிமே இதை எவ தலையில மாட்டுவா? நீயே மாட்டிக்கிட்டு நீயே பாத்துக்கோ."

விஷயம் இதுதான். குன்றுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பொது நிலத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி, பூமிக்குள் கொதிக்கும் தண்ணீரை எடுத்து, அதன் ஆவியில் மின்சாரம் செய்ய வேண்டும் என்று கம்பெனி கேட்டது. மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் சோதனைக்கென்று ஒரு குழாய் இறக்கிப் பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். அதற்கப்புறம்தான் மஹானா ஆறத் தொடங்கியது என்பது என் கட்சி.

மஹானா எங்கள் வெந்நீர்க் குளம். ஊர் கூடும் வீட்டுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல் குளியல் அதில்தான். என்னை என் அம்மா இறக்கினாள், என் பிள்ளைகளை நான் இறக்கினேன். என் மகள் ஏரானாவுக்கு அது ஆறாம் மாதம். பல வருஷம் காத்திருந்து, இரண்டு முறை இழந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. நான் சிறுமியாக இருந்தபோது மஹானாவில் காலை வைத்து, எடுத்து, வைத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் இறங்க வேண்டியிருக்கும். இப்போது வாண்டுகள் ஓடி வந்து தொபுக்கென்று குதிக்கிறார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் காலையில் போய் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். சுரீர் என்று ஒன்றும் இருக்காது. பேரப்பிள்ளையை எதில் இறக்குவேன்?

அதனால் அன்றைக்கு நான் ஒரு முடிவோடுதான் இருந்தேன். கம்பெனி என்ன வித்தை காட்டினாலும் முடியாது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

மேசை விவகாரத்தைத் தீர்த்து வைத்தது என் அண்ணன் ஹோரோமோனா. ஊருக்காகப் பேசுகிறவர் அவர்தான். ஆரம்பித்தாரென்றால் கிழங்கு வெந்து, ஆறி, மறுபடி சூடு பண்ணும்வரை நிறுத்த மாட்டார். அவர் கண்ணாடிகளை ஒரு பார்வை பார்த்தார். மேசையிலிருந்து எடுத்து வெளியே கொண்டுவரச் சொன்னார். மஹானாவில் ஒரு குவளை தண்ணீர் மொண்டு வரச் சொன்னார். பிரார்த்தனை சொல்லியபடி விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தெளித்தார்.

"ஐயா, ஐயா, உள்ளே பேட்டரி இருக்கு!" என்று பதறினான் கிரெய்க்.

"இருக்கட்டும்பா. அதுக்கும் சேர்த்துத்தான்" என்றார் அண்ணன். அதே கையோடு கிரெய்க்கின் வழுக்கைத் தலையிலும் நாலு சொட்டு விழுந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாரும் குளக்கரைக்குப் போனோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஆனால் விறைக்கிற குளிர். கிரெய்க் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதி வைத்ததை வாசித்தான். புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று வாய் சுளுக்கிக்கொள்ளும்வரை சொன்னான்.

என் புருஷன் பீட்டா கையைத் தூக்கினான். "அப்படின்னா என்ன?"

"எடுத்தாலும் திரும்பி வர்றதுன்னு அர்த்தம்."

"ஓ. அப்ப என் மச்சான் வாங்கிட்டுப் போன ரம்ப மெஷின் மாதிரி இல்லைன்னு சொல்றீங்க."

"அது ரிப்பேர்ல இருக்குடா" என்றார் அண்ணன்.

"ரெண்டு வருஷமாவா?"

மிஹி நடுவில் புகுந்தாள். "பீட்டா மாமா, கேட்டது நல்ல கேள்வி. வாயால சொன்னா நீங்க யாரும் நம்பப் போறதில்ல. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். அதனால இந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு கண்ணால பாருங்க. நம்ம கால் இருக்கிற இந்த இடத்துலயே, இதுக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டுறேன். நீங்களே கையால திறக்கலாம், மூடலாம். பெரியப்பா, நீங்க முதல்ல."

அண்ணன் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையை அங்கும் இங்கும் திருப்பினார். பிறகு கீழே பார்த்தார். அப்படியே நின்றார். அவர் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எங்கள் ஊரில் இதுவரை யாரும் கண்டிராத காட்சி அது. மெதுவாக முழங்காலை மடக்கி, ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே! என்ன பண்ணுது? மயக்கமா?"

"பேசாம இரு ரிபெகா" என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "நீயும் பாரு."

வீம்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒன்றுமே இல்லை. அதே குளம், அதே ஆவி, டீக் கோப்பையோடு அதே பீட்டா. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். மிஹி என் கையைப் பிடித்து, விரலால் தரையைத் தொடுகிற மாதிரி காட்டச் சொன்னாள். காட்டினேன். தரை போய்விட்டது.

புல் இருந்தது. என் ரப்பர் பூட்ஸ் இருந்தது. அவற்றுக்குக் கீழே மண் கண்ணாடியாகி, உள்ளே, அதற்கும் உள்ளே என்று திறந்துகொண்டே போனது. நான் அலறிக்கொண்டு பீட்டாவின் கையைப் பிடித்தேன். டீ முழுக்க அவன் சட்டையில்.

"விழ மாட்ட அத்தை. கால் தரையிலதான் இருக்கு. மிதிச்சுப் பாரு. மெதுவா மலைப்பக்கம் திரும்பு."

திரும்பினேன். மலைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன், மேகமே இல்லை. இறக்கிப் பார்த்தேன், மழை. அது மண்ணில் இறங்கி நீல நூல்களாகப் பிரிந்து, பாறை இடுக்குகளில் நுழைந்து, எங்கள் ஏரிக்கும் அடியில், யாரும் போகாத ஆழத்துக்குப் போனது. அங்கே இருட்டு இல்லை. அடுப்புத் தணல் நிறத்தில் ஒரு பெரிய சூடு, ஊரைவிடப் பெரியதாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. நீல நூல்கள் அதன் பக்கத்தில் போய், நிறம் மாறி, சிவந்து, திரும்பி மேலே ஏறத் தொடங்கின. ஒரு பிளவில் நெருக்கியடித்து, இன்னொன்றில் விரிந்து, என் காலடியில் வந்து, மஹானாவின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வாயில் மூச்சு விடுகிற மாதிரி வெளியே வந்தன.

நான் அந்த வாயைக் காலால் தடவிப் பார்த்திருக்கிறேன். சிறுமியாக இருந்தபோது குமிழி வருகிற இடத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு நிற்போம், யார் அதிக நேரம் சூடு தாங்குவது என்று. அதற்குக் கீழே இத்தனை இருக்கும் என்று யார் நினைத்தது?

"இது எவ்வளவு நாள் பயணம்?" என்றேன்.

"நாளா? அத்தை, இன்னைக்கு மஹானாவுல வர்ற தண்ணி மழையா விழுந்தப்போ உன் பாட்டனுக்குப் பாட்டன்கூடப் பொறந்திருக்க மாட்டார். முந்நூறு வருஷம் இருக்கலாம். அதுக்கு மேலயும் இருக்கலாம். கணக்கு சரியா யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, அழுகையும் வந்தது. என்னைத் தொட்ட முதல் தண்ணீர் அது. துப்பாக்கியும் கப்பலும் பார்த்திராத ஆட்கள் இந்த மலையில் நனைந்துகொண்டே நடந்திருப்பார்கள். அவர்கள் தோளில் விழுந்து வழிந்த மழையில்தான் நான் பிறந்த வாரத்தில் குளித்தேன். அது எனக்காகக் கிளம்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே அது கிளம்பிவிட்டது.

அண்ணன் எழுந்து நின்று கல்லறைத் தோட்டம் பக்கம் கையை நீட்டினார். அங்கே மட்டும் கண்ணாடித் தரை இல்லை. ஒரு கறுப்பு மூடாக்கு, வேலியோடு சரியாக நின்றது.

"அங்க என்னம்மா, கறுப்பா?"

"அங்க நான் எதையும் வரையல பெரியப்பா" என்றாள் மிஹி. "கம்பெனியில கேட்டாங்க, தண்ணி அந்தப் பக்கமும்தானே போகுதுன்னு. போகட்டும், நாம பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அண்ணன் அவள் பக்கத்தில் வந்தார். அவள் தோளில் கையை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியைக் கம்பெனிக்காக வைத்துக்கொண்டேன்.

"சரி, உன் கம்பெனிக் குழாயைக் காட்டு" என்றேன்.

குன்றுக்குப் பின்னால் ஒரு தடித்த குழாய் இறங்கியது. என் முன்னால், காற்றில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வால்வுச் சக்கரம் தொங்கியது. பிடித்துத் திருப்பலாம் என்றாள். நான் அதை ஒரே திருப்பாகக் கடைசிவரை திறந்தேன். அடியில் சிவப்பு நூல்கள் எல்லாம் அந்தக் குழாயை நோக்கி இழுபட்டன. மஹானாவுக்கு வந்த நூல் இளைத்தது, அறுந்தது. குளம் நீலமாகிவிட்டது, செத்த உடம்பின் உதடு போல.

"பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்!" என்று கத்தினேன். கிரெய்க் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மிஹி பதறவில்லை. "ஆமா அத்தை. அவ்வளவு எடுத்தா குளம் செத்துடும். அது தெரியணும்னுதான் அவ்வளவு தூரம் திறக்க விட்டேன். இப்பக் கொஞ்சம் மூடு. போதும். இப்ப அந்தப் பக்கம் பாரு, எடுத்த தண்ணியை இன்னொரு குழாய்ல திருப்பி உள்ள அனுப்புறோம்."

நூல் மறுபடி பிடித்தது. குளத்துக்கு நிறம் வந்தது. எனக்கு அது போதாது. சக்கரத்தை முழுக்க மூடினேன், கம்பெனியே இல்லாத மாதிரி. இப்போது மஹானா தணலாக எரிய வேண்டும், நான் எல்லாரையும் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

எரியவில்லை. வெளுத்த ரோஜா நிறத்திலேயே இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

"உன் மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

மிஹி கிரெய்க் பக்கம் திரும்பினாள். கிரெய்க் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டியதை நான் கவனித்தேன். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"கெட்டுப்போகல அத்தை. இன்னொரு அடுக்கு இருக்கு. அதைக் காட்டினா கம்பெனி உங்கமேல பழி போடுதுன்னு சொல்லுவீங்கன்னு இவருக்கு பயம்."

"காட்டு."

காட்டினாள்.

ஊரில் ஒவ்வொரு வீட்டின் பின்னாலிருந்தும் ஒரு ஊசி தரைக்குள் இறங்கியது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வெந்நீர் எடுத்து வீட்டைச் சூடாக்கச் சொந்த ஆழ்துளைக் குழாய் உண்டு. வெளியே புல் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும்போது நாங்கள் உள்ளே அரைக்கைச் சட்டையோடு இருப்போம். கோடையிலும் அது ஓடும். நிறுத்தித் திறந்தால் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று யாரும் நிறுத்துவதே இல்லை. வீடு வெந்தால் ஜன்னலைத் திற, அவ்வளவுதான். கீழே இருப்பது அள்ள அள்ளக் குறையாது என்று நாங்கள் பிறந்ததிலிருந்து நம்பியிருந்தோம். நகரத்துச் சொந்தக்காரர்கள் கரண்டு பில்லைச் சொல்லிப் புலம்பும்போது எங்களுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

இப்போது அத்தனை ஊசிகளும் மஹானாவின் நூலில் வாய் வைத்துக்கொண்டிருந்தன. எது யார் வீடு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குளத்துக்கு மிக அருகில், எல்லாவற்றையும்விடத் தடியாக ஒன்று இருந்தது. அதன் மேலே ஒரு தகரக் கூரை, பச்சை வேலி, காயப்போட்ட துணி.

"அது நம்ம வீடு" என்றான் பீட்டா. அவனும் ஒன்றை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தான். "ரிபெகா, அது நம்ம வீடு."

"எனக்குக் கண்ணு இருக்கு."

சுற்றிலும் சத்தம் கிளம்பியது. பொய் என்றார்கள். கம்பெனியின் சோதனைக் குழாயை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். என் வீட்டை விட உன் வீட்டுக் குழாய்தான் பெரிசு என்று இரண்டு பேர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் எல்லாரையும்விட என் சத்தம்தான் மேலே இருந்திருக்கும். அன்றைக்கு எனக்குச் சத்தம் வரவில்லை. மூன்று வருஷமாக நான் ஒருத்தன்மேல் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேரப்பிள்ளையின் தண்ணீரை என் வீட்டுச் சுவரோரம் சுற்றவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

தகரக் கூரையின் மேலே ஒரு சின்னச் சக்கரம் தொங்கியது. கையை நீட்டி மூடினேன். ஊசி அணைந்தது. கீழே, மெல்லிய ஒரு சிவப்பு நூல், மயிரிழைதான் இருக்கும், தயங்கித் தயங்கித் திரும்பி மஹானா பக்கம் போனது.

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் போல. அண்ணன் கையை நீட்டித் தன் வீட்டை மூடினார். இன்னொரு நூல். கண்ணாடி இல்லாதவர்கள் இருப்பவர்களிடம், "என்னோடதையும் மூடு, என்ன ஆகுதுன்னு சொல்லு" என்று தோளைப் பிடித்துக் கேட்டார்கள். ஒவ்வொன்றாக அணைந்தது. மஹானா ரோஜாவிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து தணலாகி, நான் சிறுமியாகப் பார்த்த மஹானாவாக என் காலடியில் எழுந்தது. நாங்கள் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கண்ணாடிக்குள் ஒரு மூலையில் ஏறிக்கொண்டே போன ஓர் எண் என் கண்ணில் பட்டது.

"அது என்ன மிஹி?"

"வருஷம் அத்தை."

"என்ன வருஷம்?"

"இன்னைக்கே எல்லாரும் மூடினாக்கூட, மேல இருக்கிற பாறையெல்லாம் மறுபடி சூடாகணும், அழுத்தம் ஏறணும். நான் வேகமா ஓட்டிக் காட்டினேன். நிஜத்துல இப்படி ஆக எட்டு வருஷமோ பத்து வருஷமோ பிடிக்கும்."

"ஏரானாவுக்கு அக்டோபர்ல பொறக்குதுடி."

"தெரியும் அத்தை."

"இன்னும் வேகமா வராதா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "தண்ணி அதோட வேகத்துலதான் வரும். என்னால அதுல பொய் சேர்க்க முடியாது."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சாதாரணக் குளம், சாதாரண ஆவி. ஏரானா கரையில் ஒரு நாற்காலியில் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பீட்டாவை ஸ்பேனரோடு வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நிஜமாவா? ஜூலை மாசம்டி, குளிர் உச்சத்துல இருக்கு. என் மூட்டு வலியை நினைச்சுப் பாரு."

"கம்பளிச் சட்டை எத்தனை வச்சிருக்க?"

"எல்லாத்தையும் அந்துப்பூச்சி தின்னாச்சு. போட்டாத்தானே."

"புதுசா பின்னித் தர்றேன். திருப்பு."

துருப்பிடித்த வால்வு கிறீச்சிட்டு, முரண்டு பிடித்து, கடைசியில் திரும்பியது. எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சீறல் சத்தம் இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அது நின்றபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஏரியில் வாத்துகள் பேசிக்கொள்வது வீட்டுப் பின்கட்டில் கேட்டது.

"அடேயப்பா" என்றான் பீட்டா.

அந்தக் குளிர்காலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. விறகு பிளந்தோம், தும்மினோம், ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. "மஹாராணி, போர்வை வேணுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் தன் திறந்த ஜன்னலிலிருந்து கேட்பான். நான் அவனுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. ஆனால் மாதம் ஆக ஆக, ஒரு வீடு, இன்னொரு வீடு என்று சீறல் நின்றது. மிஹி கண்ணாடிகளை எங்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஊர் கூடும் வீட்டின் முன்கட்டில், ஆணியில், உயரமாக மாட்டி வைத்திருந்தோம். யாராவது வந்து வாங்கிக்கொண்டு குளக்கரைக்குப் போவார்கள். போகும்போது கேலி செய்துகொண்டு போவார்கள், வரும்போது ஒன்றும் சொல்லாமல் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு நாள் போனான். அடுத்த வாரம் அவன் ஜன்னல் மூடியிருந்தது.

வசந்தத்தில் ஊர் கூடி மின்நிலையத்துக்குச் சம்மதம் சொன்னது. எவ்வளவு எடுக்கலாம் என்பதை அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் திருப்பிக் காட்டினார், மஹானாவின் நிறம் மாறத் தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னால். அதற்கு மேல் ஒரு சொட்டு எடுத்தாலும் நிலம் ஊருக்கே திரும்பிவிடும். எடுத்ததெல்லாம் மறுபடி உள்ளே போக வேண்டும், அதில் மிஞ்சும் சூடு ஒரே குழாயில் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும். கிரெய்க் கையெழுத்துப் போட்டான். ஊர் சார்பில் நானே அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே குடித்தான்.

அக்டோபரில் பிள்ளை பிறந்தது. பெண். கறுகறுவென்று தலைமுடி, வீட்டையே எழுப்புகிற குரல். அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பனி விலகிய ஒரு காலையில் நான் அவளை என் மார்போடு அணைத்துக்கொண்டு மஹானாவில் இறங்கினேன். ஏரானா கரையில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். பீட்டா துண்டு வைத்திருந்தான், அண்ணன் பிரார்த்தனை சொன்னார். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. கைச்சூடுகூட இல்லை. பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். பாதத்தை நனைத்தேன், பிறகு வயிறு, பிறகு தோள். அவள் அழவில்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா," என்று கரையிலிருந்து கேட்டாள் ஏரானா, "சூடா இருக்கா?"

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நான் குளத்தின் அடியில் அந்த வாயைக் காலால் தேடினேன். கிடைத்தது. பாதத்தை அதன்மேல் வைத்தேன். ஒரு குமிழி, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு குமிழி.

"இல்லடி," என்றேன். "வந்துக்கிட்டிருக்கு."